இரண்டு குமிழும் ஒரு வாயும்

நாவல்களுக்கு மதிப்புரை எழுதி எழுதி நான் கண்ட லாபம் சில விரோதிகள்தான். ஆகவே இந்தத் தடவை எந்த நாவலாசிரியருக்கும் மனக்கஷ்டம் தராத ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். கார் ரேடியோ. அதிலும், காஸெட் போட்டுக் கேட்கிற வசதியோடு கூடிய பழைய கார் ரேடியோ. இதற்கெல்லாம் விமரிசனம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். மனிதன் செய்த எந்தப் பொருளுக்கும் ஓர் உருவம் உண்டு. அந்த உருவம் எடுத்துக்கொண்ட காரியத்துக்குப் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்பதுதானே விமரிசனம்? நாவலானாலும் சரி, நாற்காலியானாலும் சரி, கேள்வி ஒன்றுதான்.

இந்த எண்ணம் எனக்கு வந்த சந்தர்ப்பத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சிக்குப் போனேன். தங்கை மகன் காரை ஓட்டினான். புதுக் கார். முன்னால் ஒரு சின்ன கரும்பலகை மாதிரி கண்ணாடித் திரை. பாட்டு, ரேடியோ, வழி காட்டுகிற படம், குளிர்காற்று எல்லாம் அதற்குள்தான். அதிகாலை, செங்கல்பட்டைத் தாண்டியிருந்தோம். "மாமா, உங்களுக்குப் பிடிச்ச பழைய பாட்டு ஒண்ணு போடறேன், இருங்க" என்று சொல்லித் திரையைத் தொட்டான். ஒரு பட்டியல் வந்தது. அதைத் தள்ளினான். இன்னொரு பட்டியல் வந்தது. கார் ஒரு பள்ளத்தில் குதித்ததில் விரல் வேறு எங்கோ பட்டு, குளிர்காற்றுக்கான படம் வந்து நின்றது. அதிலிருந்து அவன் மீண்டு வருவதற்குள் எங்களுக்கு முன்னால் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு ஒரு மொபெட். நான் போட்ட சத்தத்தில் அவன் பிரேக்கை மிதித்தான். கார் முனகிக்கொண்டு நின்றது. ஒன்றும் ஆகிவிடவில்லை. மொபெட்காரர் திரும்பி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. வெகு தூரம் வரையில் நாங்கள் இருவரும் பேசவில்லை.

என் தங்கை மகன் பொறுப்பில்லாதவன் அல்ல. கார் ஓட்டுவதில் என்னைவிடக் கெட்டிக்காரன். அந்த விநாடியில் அவன் செய்த தப்பு, எனக்குப் பிரியமான ஒரு பாட்டைத் தேடியதுதான். தேடுகிற காரியத்தை அந்தத் திரை அப்படி அமைத்து வைத்திருந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அலமாரியின் அடித்தட்டில் கிடந்த ஒரு பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். 1989ஆம் வருஷம் என்னுடைய பழைய பியட் காருக்கு, மவுண்ட் ரோடுக்குப் பக்கத்தில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடில் ஒரு ரேடியோ-காஸெட் ஸெட் வாங்கிப் பொருத்தினேன். அதோடு கொடுத்த கையேடு அது. கார் போய்விட்டது, ஸெட்டும் போய்விட்டது. பதினாறு பக்கக் கையேடு மட்டும் எப்படியோ தங்கிவிட்டது.

நான் சமீபத்தில் படித்த புத்தகங்களில் இது நல்ல புத்தகம் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எழுதியவர் பெயர் இல்லை. இங்கிலீஷ் நடை சுமார்தான். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் கையை நீட்டி உடனே சரிபார்த்துவிடலாம். இதைத் திருகினால் இது நடக்கும் என்கிறார், திருகினால் நடக்கிறது. 'மனிதனின் அக உலகம்' என்று ஆரம்பித்து எங்கேயும் போய்ச் சேராத பல பக்கங்களைப் படித்து அலுத்தவனுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஸெட்டின் அமைப்பை அந்தப் புத்தகம் சொல்கிறபடியே சொல்கிறேன். இடப்பக்கத்தில் ஒரு குமிழ். வலப்புறமாகத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம். ஸெட் உயிர் பெற்றுவிட்டது. மேலும் திருகினால் ஒலி கூடும். அதன் பின்னால் ஒட்டினாற்போல் ஒரு வளையம். கனத்த ஒலி வேண்டுமா, கூரிய ஒலி வேண்டுமா என்று பார்த்துக்கொள்வது அதன் வேலை. வலப்பக்கத்துக் குமிழ் ஸ்டேஷன் பிடிப்பதற்கு. நடுவில் ஐந்து பொத்தான்கள். வேண்டிய ஸ்டேஷனை முதலில் குமிழால் பிடித்துக்கொண்டு, ஒரு பொத்தானை வெளியே இழுத்து, பிறகு அழுத்தி உள்ளே தள்ளினால், அந்தப் பொத்தான் அந்த ஸ்டேஷனை ஞாபகம் வைத்துக்கொள்ளும். மின்சார ஞாபகம் அல்ல. உள்ளே தகடும் நெம்புகோலுமாக நிற்கிற இரும்பு ஞாபகம். அடுத்த தடவை அழுத்தினால் முள் ஓடிப்போய் அதே இடத்தில் நிற்கும்.

பொத்தான்களுக்கு மேலே காஸெட் போடுகிற வாய். நாடா தெரிகிற விளிம்பு வலப்பக்கம் இருக்கும்படி காஸெட்டைத் தள்ள வேண்டும். தள்ளியவுடன் ரேடியோ பேச்சை நிறுத்திக்கொள்ளும், பாட்டு ஆரம்பிக்கும். அதற்கென்று தனி ஸ்விட்சு கிடையாது. காஸெட்டேதான் ஸ்விட்சு. வெளியே எடுத்துவிட்டால் மறுபடியும் ரேடியோ பேசும். அம்புக்குறி போட்ட இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று நாடாவை முன்னே ஓட்டும், ஒன்று பின்னே ஓட்டும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மறுபக்கம் பாடும். அவ்வளவுதான் ஸெட். வாங்கி ஒரு வாரத்துக்குள் என் இடது கை இவ்வளவையும் கற்றுக்கொண்டுவிட்டது. கண்ணுக்கு அதில் வேலையே இல்லை. இருட்டில், மழையில், மேட்டுப் பாதையில் கியர் மாற்றிவிட்டுத் திரும்புகிற கை, போகிற போக்கில் குமிழைத் தொட்டுவிட்டு வரும்.

இந்த அமைப்பை ஒரே நாளில் ஒரே ஆள் யோசித்துச் செய்துவிடவில்லை. அமெரிக்காவில் பால் கால்வின் என்பவருடைய கம்பெனி 1930இல் 'மோட்டரோலா' என்ற பெயரில் கார் ரேடியோவை விற்க ஆரம்பித்தது. வால்வு போட்ட ரேடியோ. பெட்டி ஓரிடம், ஸ்பீக்கர் ஓரிடம். ஆனால் அந்த ஆதி காலத்து ஸெட்டிலேயே ஒலியையும் ஸ்டேஷனையும் மாற்றுகிற பகுதியை மட்டும் தனியே பிரித்து, ஸ்டியரிங் தண்டில், ஓட்டுகிறவன் கைக்குப் பக்கத்தில் பொருத்திவிட்டார்கள். வளையக்கூடிய கம்பி வழியாக அது பெட்டியை இயக்கியது. அப்படியிருந்தும் கார் ரேடியோவைத் தடுக்க வேண்டும், அது ஓட்டுகிறவன் கவனத்தைக் கெடுக்கும் என்று அந்த நாளில் அமெரிக்காவில் பலமாகப் பேச்சு எழுந்தது. அந்தச் சண்டையில் ரேடியோ ஜெயித்ததற்குக் காரணம், கண்ணை அது அதிகம் தொந்தரவு செய்யவில்லை என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1955இல் வால்வு போய் டிரான்ஸிஸ்டர் வந்தது. பெட்டி சிறுத்தது, குமிழ்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

காஸெட் வந்த கதை இன்னும் ருசியானது. பிலிப்ஸ் கம்பெனி அதை 1963இல் பெர்லின் கண்காட்சியில் வெளியிட்டது. அதைச் செய்த குழுவின் தலைவர் லூ ஆட்டன்ஸ் என்ற டச்சு எஞ்சினியர். 2021இல், 94வது வயதில் காலமானார். நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. அது விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். எவ்வளவு பெரிதாகச் செய்வது என்று தீர்மானிக்க, ஆட்டன்ஸ் ஒரு மரக்கட்டையைச் சட்டைப் பையில் போட்டுப் பார்த்தாராம். பைக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் அவர் வைத்துக்கொண்ட இலக்கணம். அந்தக் கட்டை பிற்பாடு என்ன ஆயிற்று என்றால், ஒரு நாள் அவர் கார் டயர் பஞ்சராகி, ஜாக்கிக்கு அண்டை கொடுக்க அதை உபயோகித்துத் தொலைத்துவிட்டாராம். காஸெட்டுக்கும் காருக்கும் ஆரம்பத்திலேயே சம்பந்தம் ஏற்பட்டுவிட்டது!

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான் வருகிறது. ரேடியோவில் பாட்டைத் தேர்ந்தெடுப்பவர் வேறு யாரோ. சென்னை நிலையம் 1938லும் திருச்சி நிலையம் 1939லும் ஆரம்பமாயின. விவித பாரதி 1957இல் வந்தது. இலங்கை வானொலியை நம்பியே பொழுதுபோக்கிய தலைமுறையும் ஒன்று உண்டு. அடுத்து என்ன பாட்டு என்பது அங்கே உட்கார்ந்திருப்பவர் பாடு. நமக்கு வேண்டியது வந்தால் சந்தோஷம். வராவிட்டால் அடுத்த பொத்தான். சென்னையிலிருந்து தெற்கே போகப் போகச் சென்னை நிலையம் தேயும், திருச்சி நிலையம் வளரும். குமிழை ஒரு மயிரிழை திருப்ப வேண்டியதுதான்.

காஸெட்டில் தேர்ந்தெடுப்பவன் நானே. ஆனால் எப்போது? இதைத்தான் கவனிக்க வேண்டும். எண்பதுகளில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளைத் தாளில் பாட்டுக்களை வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டு போவோம். 60 நிமிஷக் காஸெட் என்றால் பக்கத்துக்கு அரை மணி. 90 என்றால் முக்கால் மணி. கணக்குப் பார்த்து, ஒரு பாட்டை அடித்து, இன்னொன்றைச் சேர்த்து, மனைவியோடு சண்டை போட்டு, அப்புறம் கடையில் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருப்போம். தேர்வு என்பது வீட்டில், நாற்காலியில், பேனாவும் கையுமாக நடந்தது. சாலையில் பாக்கி இருந்தது கேட்பது ஒன்றுதான். காஸெட்டை வாய்க்குள் தள்ளினால் முக்கால் மணி நேரத்துக்கு அதைப்பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஆக, ரேடியோ, காஸெட் இரண்டிலுமே, காரை ஓட்டும் நேரத்தில் தேர்ந்தெடுக்கும் சுமை ஓட்டுகிறவன் தலையில் விழவில்லை. புதுத் திரையில் விழுகிறது. உலகத்துப் பாட்டெல்லாம் அதற்குள் இருக்கிறது என்பது வாஸ்தவம். அது ஒரு நூலகம். நூலகத்தில் புஸ்தகம் தேடுவதை யாரும் 80 கிலோமீட்டர் வேகத்தில் செய்வதில்லை. அந்த வேகத்தில் கார் விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. இரண்டு விநாடி கண்ணை எடுத்தால் 44 மீட்டர். நம் தெருக்களில் ஏழெட்டு வீடு தாண்டுகிற தூரம். அந்த ஏழெட்டு வீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவதும் அதுவும் ஒன்றுதான்.

இது கிழவனின் புலம்பல் என்று நினைத்துவிட வேண்டாம். 'வி பீலாகரே' என்ற ஸ்வீடன் தேசத்துக் கார்ப் பத்திரிகை 2022இல் ஒரு சோதனை நடத்தியது. ரேடியோவைப் போட்டு ஒரு குறிப்பிட்ட நிலையத்தைப் பிடிப்பது, உஷ்ணத்தைக் கூட்டுவது போன்ற நாலு காரியங்களை, 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே செய்ய வேண்டும். ஓட்டுகிறவர்களுக்குக் காரோடு பழகிக்கொள்ள முன்கூட்டியே அவகாசமும் கொடுத்தார்கள். புதுக் கார்களோடு, பொத்தானும் குமிழும் உள்ள 2005ஆம் வருஷத்து வால்வோ ஒன்றையும் பந்தயத்தில் விட்டார்கள். அந்தப் பழைய காரில் எல்லாம் முடிய 10 விநாடி ஆயிற்று. புதுக் கார்களில் கடைசியாக வந்த ஒன்றில் 44.9 விநாடி. அதற்குள் அந்தக் கார் 1,372 மீட்டர் போய்விட்டிருந்தது. அமெரிக்க அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டியில், காரில் உள்ள சாதனங்களை இயக்கும்போது ஒரு பார்வை 2 விநாடியையும், ஒரு காரியத்துக்கான பார்வைகள் எல்லாம் சேர்ந்து 12 விநாடியையும் தாண்டக் கூடாது என்றது. வழிகாட்டிதான், சட்டமல்ல. கார்களுக்கு நட்சத்திரம் போடுகிற யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய அமைப்பு, 2026ஆம் வருஷத்து விதிகளில், திரும்பும் விளக்கு, ஹாரன், வைப்பர் முதலிய சிலவற்றுக்காவது கையால் தொட்டு உணரக்கூடிய பொத்தானோ நெம்புகோலோ வேண்டும் என்று மதிப்பெண் வைத்தது. ரேடியோ அந்தப் பட்டியலில் இல்லை.

பழைய ஸெட்டின் குற்றங்களையும் சொல்லாவிட்டால் விமரிசனம் ஆகாது. வெயிலில் டாஷ்போர்டு மேல் விட்ட காஸெட் அப்பளம் மாதிரி வளைந்துவிடும். அழுக்கேறிய ரப்பர் உருளையில் நாடா சுற்றிக்கொண்டு, வெளியே இழுத்தால் இடியாப்பமாக வரும். அதைப் பென்சிலைச் சொருகிச் சுற்றிச் சரிசெய்யாத குடும்பம் கிடையாது. ஒலி வரவர மங்கும்; பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஹெட்டைத் துடைக்க வேண்டும். பாடகர் மூச்சு விடுகிற இடத்தில் எல்லாம் 'உஸ்' என்று நாடாவும் மூச்சு விடும். சங்கீதத்தைச் சங்கீதமாகக் கேட்க விரும்புகிறவருக்கு, ஓடுகிற காரும் காஸெட்டும் சேர்ந்து இழைத்த துரோகம் கொஞ்சமல்ல. புதுக் காரில் கேட்ட தம்பூராச் சுருதி என் பியட்டில் ஒரு நாளும் கேட்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நானே ஒரு தடவை, ஓட்டிக்கொண்டே கீழே விழுந்த காஸெட்டைக் குனிந்து தேடி, கிணற்று மேட்டில் இடிக்கத் தெரிந்தேன். ஆகவே பழைய ஸெட் வைத்திருந்தவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று வாதாட வரவில்லை. ஆனால் அன்றைக்கு நடந்தது என் அசட்டுத்தனம். காஸெட்டைக் கீழே போட்டுவிட்டுத் தேடு என்று ஸெட் சொல்லவில்லை. திரையோ, என்னைப் பார், என்னைப் பார் என்று சொல்லியே வேலை வாங்குகிறது. பார்க்காமல் அதை உபயோகிக்க வழியில்லை. எல்லா இடமும் ஒரே வழவழப்பு; விரலுக்கு மேடுமில்லை, பள்ளமுமில்லை. நேற்று பாட்டு இருந்த இடத்தில் இன்று வேறொன்று இருக்கிறது. கை கற்றுக்கொள்வதற்கு அதில் என்ன இருக்கிறது?

இதையெல்லாம் தங்கை மகனிடம் சொன்னேன். "வாயால சொன்னாலே பாட்டுப் போடும் மாமா, ஸ்டியரிங்கிலேயே பட்டனும் இருக்கு" என்றான். நியாயம்தான். ஸ்டியரிங்கில் வைத்த பொத்தான் 1930ஆம் வருஷத்து யோசனை திரும்பி வந்ததுதான், வரவேற்கிறேன். வாயால் சொல்வதும் நல்ல வழிதான், சொன்னதை அது சரியாகப் புரிந்துகொள்ளும்வரையில். அது வேறொன்றைப் போட்டுவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "திரையிலே பார்த்து மாத்துவேன்" என்றவன், சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அந்தக் கையேட்டில் மூன்றாம் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. வெளியே வருகிற சத்தங்கள் காதில் விழும்படியான அளவுக்கே ஒலியை வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார் ஆசிரியர். ரேடியோ விற்கிறவர், என் ரேடியோவைவிட முக்கியமான சத்தம் வெளியே உண்டு என்று எழுதுகிறார். தன்னுடைய படைப்பு, வேறொரு பெரிய காரியத்துக்கு நடுவே உபயோகப்படுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு குமிழும் ஒரு வாயும் அந்த அறிவிலிருந்து வந்த உருவம். இப்போதைய திரையைச் செய்தவர்கள் என்னைவிடப் படித்தவர்கள், புத்திசாலிகள். ஆனால் அவர்கள் சோபாவில் உட்கார்ந்திருப்பவனை மனத்தில் வைத்துக்கொண்டு அதைச் செய்திருக்கிறார்கள். பால் கேனோடு முன்னால் போகிறவர் அவர்கள் மனத்தில் இல்லை.

திருச்சிப் பயணத்தின் முடிவைச் சொல்லவில்லையே. கல்யாணம் முடிந்து திரும்புகிற அன்று, புறப்படுவதற்கு முன்னால் டீக்கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு அவனும் நானும் உட்கார்ந்தோம். ஒரு தாளில் பாட்டுக்களை எழுதினோம். அவனுக்குப் பாதி, எனக்குப் பாதி. அதே வரிசையில் திரையில் சேர்த்துவிட்டு, ஆரம்பித்துவிட்டு, அப்புறம்தான் கிளம்பினான். விழுப்புரம் வரையில் அவன் கை அந்தப் பக்கம் போகவில்லை. ஐந்தாவதாக வந்தது அவன் எழுதிய பாட்டு. எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மாற்றச் சொல்லாமல் முழுக்கக் கேட்டேன்.